ஸ்மார்ட் போர்டு வந்தாயிற்று, பிள்ளைகள் தாமாகப் படிக்கிறார்களா?

கரிசல் கணக்கு (இழையைத் தொடங்கியவர்)

வணக்கம். விருதுநகர் பக்கம் அரசு உயர்நிலைப் பள்ளி ஒன்றில் ஒன்பது, பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிறேன்.

எங்கள் பள்ளியில் இப்போது கருவிக்குக் குறையில்லை. ஹைடெக் லேப் இருக்கிறது. ஸ்மார்ட் போர்டு இருக்கிறது. 2018-இல் புதுப் பாடப்புத்தகம் வந்ததிலிருந்து பாடத்துக்குப் பாடம் கியூஆர் கோடு. கல்வித் தொலைக்காட்சி 2019-இல் இருந்து ஓடுகிறது. அதற்கு மேல் பள்ளிக் கல்வித்துறையின் மணற்கேணி செயலி. போர்டைப் போட்டதும் வகுப்பு கப்சிப். பார்வைக்கு வருகிற அதிகாரிகளுக்கும் அது பிடித்துப்போகிறது. ஆனால் அந்த அமைதிக்குப் படிப்பு என்று பெயர் வைக்கலாமா என்பதில்தான் எனக்குச் சந்தேகம். வீடியோ முடிந்து "புரிஞ்சுதா?" என்று கேட்டால் ஒரே குரலில் "புரிஞ்சுது சார்". அதே கணக்கில் எண்ணை மாற்றிக் கொடுத்தால் பேனா நகராது.

நான் கேட்க வந்தது இதுதான்: நான் பக்கத்தில் நிற்காமலே ஒரு பிள்ளை தானாக ஒரு விஷயத்தைத் தோண்டிப் பார்த்தது என்று சொல்லும்படி, இந்தக் கருவிகள் உங்கள் வகுப்பில் எங்காவது உதவினவா? பயிற்சி வகுப்பில் சொல்கிற பேச்சு வேண்டாம். நடந்ததைச் சொல்லுங்கள். எத்தனை பீரியட் போனது, போர்ஷன் என்ன ஆனது என்பதையும் சேர்த்து.

---

ஓம் விதி

சார், நான் இயற்பியல். பத்தாம் வகுப்பு மின்னோட்டவியல் பாடத்துக்கு ஃபெட் பயன்படுத்துகிறேன். அமெரிக்காவில் கொலராடோ பல்கலைக்கழகம் 2002-இல் தொடங்கிய இலவசப் பாவனைத் தளம். நோபல் பரிசு பெற்ற இயற்பியலாளர் கார்ல் வைமன் ஆரம்பித்தது. தமிழிலும் கிடைக்கிறது. அதில் மின்சுற்று அமைக்கும் பலகை ஒன்று உண்டு. பேட்டரி, ஒயர், பல்பு, சுவிட்ச், ரெசிஸ்டர் எல்லாம் ஓரத்தில் இருக்கும். இழுத்துப்போட்டு ஒட்டவேண்டியதுதான்.

முதலில் எல்லோரும் செய்கிற மாதிரி நானும் போர்டில் போட்டு, நானே இழுத்து, நானே ஒட்டி, "பாருங்கள், பல்பு எரிகிறது" என்று காட்டிக்கொண்டிருந்தேன். ரசித்தார்கள். அதைத் தாண்டி ஒன்றுமில்லை. அப்புறம் லேபுக்குக் கூட்டிப்போய் இரண்டு பேருக்கு ஒரு கணினி கொடுத்து, கரும்பலகையில் ஒரே வரி எழுதினேன்: "இரண்டு பல்பு எரிய வேண்டும். ஒன்றைக் கழற்றினாலும் மற்றது அணையக் கூடாது." எப்படி என்று சொல்லவில்லை.

நடந்ததைக் கேளுங்கள். முதல் கால்மணி நேரம் ஒருவனும் பல்பைத் தொடவில்லை. பேட்டரியின் இரண்டு முனையையும் வெறும் ஒயரால் இணைத்தால் அந்தப் பாவனையில் பேட்டரி தீப்பிடிக்கும். யாரோ ஒருவன் அதைக் கண்டுபிடித்துவிட்டான். அவ்வளவுதான், லேப் முழுக்கத் தீ. நான் அதட்டப்போகும் நேரத்தில் பின்வரிசையில் ஒரு பெண் ஒயருக்கு நடுவே ஒரு ரெசிஸ்டரைச் செருகியிருந்தாள். தீ அணைந்திருந்தது. அவள் ரெசிஸ்டரின் மதிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து, திரும்ப எப்போது பிடிக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அம்மீட்டரை வைத்து நோட்டில் எழுதவும் செய்தாள். யாரும் சொல்லித் தரவில்லை. பக்கத்துக் கணினிப் பையன் அதைப் பார்த்துவிட்டு இன்னொரு பேட்டரியைச் சேர்த்தான். "சார், இது வோல்ட்டைப் பார்த்துத் தீப்பிடிக்குதா, ஆம்பியரைப் பார்த்தா?" என்று கேட்டான்.

இந்தக் கேள்வி பாடப்புத்தகத்தில் எங்கேயும் இல்லை. விடையை இங்கே சொல்ல மாட்டேன், நீங்களே போட்டுப் பாருங்கள்.

பல்பு வேலை அடுத்த பீரியடில் முடிந்தது. முதலில் எல்லோரும் தொடரிணைப்பில் போட்டார்கள். ஒன்றைக் கழற்றியதும் மற்றதும் போனது. பக்க இணைப்பை அவர்களே கண்டுபிடித்தார்கள், பெயரை மட்டும் நான் சொன்னேன். வழக்கத்தைவிட ஒரு பீரியட் கூடுதலாகப் போனது உண்மை. ஆனால் அதற்குப் பிறகு கணக்குகள் சீக்கிரம் ஓடின. இன்னொன்று, திரையோடு நிறுத்தாதீர்கள். மறுநாள் டார்ச் செல்லும் சின்ன பல்பும் கொடுத்து நிஜமாகச் செய்யச் சொல்லுங்கள். திரையில் ஒயர் முனை எப்போதும் சரியாக ஒட்டும். கையில் ஒட்டாது. அந்தத் தடுமாற்றமும் பாடம்தான்.

---

ஓய்வுபெற்ற வாத்தியார்

ஓம் விதி எழுதியதைப் படித்துச் சந்தோஷம். ஆனால் இதையெல்லாம் கணினி வந்து கொண்டுவந்ததாக நினைத்துவிடாதீர்கள்.

2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் செயல்வழிக் கற்றல் தொடங்கியபோது நான் பணியில் இருந்தேன். ஆந்திராவின் ரிஷி வேலி பள்ளியில் உருவான அட்டை முறையை எடுத்து இங்கே விரித்தார்கள். 2007 வாக்கில் மாநிலம் முழுக்க அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு வந்துவிட்டது. சுவரில் ஏணிப்படி அட்டவணை ஒட்டியிருக்கும். பிள்ளை தான் எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்து, தட்டிலிருந்து தன் அட்டையைத் தானே எடுத்து, தரையில் உட்கார்ந்து செய்யும். முடித்ததும் அடுத்த அட்டை. பக்கத்தில் இருக்கிற பிள்ளை வேறு படியில் இருக்கும். சுவரின் கீழ்ப்பகுதியில் பிள்ளைகள் கைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை. வாத்தியார் நாற்காலியில் இல்லை, பாயில்.

இதில் மின்சாரம் எங்கே இருக்கிறது? தானாகப் படிப்பது இருந்தது. இப்போது நீங்கள் சொல்கிற ஸ்மார்ட் போர்டு என்ன செய்திருக்கிறது? பாயில் உட்கார்ந்த வாத்தியாரைத் திரும்ப எழுப்பி வகுப்புக்கு முன்னால் நிறுத்தியிருக்கிறது. வகுப்பறை டூரிங் டாக்கீஸ் ஆகிவிட்டது, இருட்டு மட்டும்தான் பாக்கி.

---

மூன்றாம் படி

> தானாகப் படிப்பது இருந்தது.

ஐயா, நான் அந்த அட்டையில் படித்த பிள்ளை. இப்போது ஆசிரியை. ஏணிப்படி எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அட்டை கிழிந்திருக்கும், எனக்கு வேண்டிய அட்டை காணாமல் போயிருக்கும். டீச்சர் ஒரே ஆள், மூன்று வகுப்புக்கு. ஆறாம் வகுப்புக்குப் போனபோது பாராவாக எழுத வராமல் நின்றோம். முறை நல்லதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நன்றாக நடந்த பள்ளியை மட்டும் வைத்துப் பேசக்கூடாது. இது ஸ்மார்ட் போர்டுக்கும் பொருந்தும் என்று நீங்கள் சொல்வீர்கள், சரிதான்.

---

ஓய்வுபெற்ற வாத்தியார்

அட்டை கிழிந்தது உண்மைதான் அம்மா. மறுப்பதற்கில்லை.

---

எம்.எட். கடைசி வருடம்

ஆய்வுப் பக்கம் தெரிந்ததைச் சொல்கிறேன், அடிக்க வராதீர்கள்.

கல்வி ஆய்வாளர் சுகதா மித்ராவின் "சுவரில் ஒரு துளை" எல்லோரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1999-இல் டெல்லி கல்காஜியில் குடிசைப்பகுதிச் சுவரில் ஒரு கணினியைப் பதித்துவிட்டுப் போனார், பிள்ளைகள் தாமாகவே கற்றார்கள். அதன் தமிழ்ப் பகுதி பலருக்குத் தெரியாது. புதுச்சேரி அருகே காளிக்குப்பம் என்ற ஊரில், தமிழ் மட்டும் பேசும் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்தில் மூலக்கூறு உயிரியல் பாடங்களைக் கணினியில் போட்டுக் கொடுத்தார். ஆசிரியர் கிடையாது. தொடக்கத்தில் ஒன்றுமே தெரியாதவர்கள் சில மாதங்களில் தேர்வில் நூற்றுக்கு 30 அளவுக்கு வந்தார்கள். பிறகு அவர்களுக்குப் பழக்கமான ஓர் இளம்பெண்ணை அங்கே அனுப்பினார். அவருக்கு உயிரியல் தெரியாது. பின்னால் நின்று "அட, இது என்ன? எப்படிச் செய்தாய்? எனக்கும் சொல்லேன்" என்று கேட்பது மட்டும்தான் அவர் வேலை. மதிப்பெண் 50 அளவுக்கு ஏறியது.

இதற்கு நேர் எதிராகப் பெரு நாட்டுக் கதை. பள்ளிப் பிள்ளைகளுக்கு மடிக்கணினி கொடுத்தார்கள். 2012-இல் வந்த மதிப்பீட்டில் கணிதத்திலோ மொழியிலோ முன்னேற்றம் தென்படவில்லை. கருவியைக் கையில் கொடுத்தார்கள், அதை வைத்து என்ன செய்வது என்பது அங்கே இல்லை.

மூன்றாவது, டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் மென்பொருளை வைத்து நடந்த ஆய்வு. 2019-இல் வெளியானது. ஆறாம் வகுப்புப் பிள்ளை கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கி இருந்தது. மென்பொருள் அந்தந்தப் பிள்ளை நிற்கும் இடத்திலிருந்து தொடங்கியது. நாலரை மாதத்தில் கணக்கிலும் இந்தியிலும் தெளிவான முன்னேற்றம். வாத்தியார் ஐயா சொன்ன ஏணிப்படியும் இதுவும் அடிப்படையில் ஒன்றுதான். ஆனால் அட்டை கிழியாது.

---

மூன்றாம் படி

காளிக்குப்பம் கதையில் வருகிற அந்தப் பெண்ணைப் பற்றி யாரும் யோசிப்பதில்லை. "ஆசிரியரே வேண்டாம்" என்று சொல்லத்தான் அந்த ஆய்வை மேடைகளில் எடுத்துவிடுகிறார்கள். கடைசியில் 30 ஐ 50 ஆக்கியது ஓர் ஆள். மைண்ட்ஸ்பார்க்கும் அப்படித்தான். பாதி நேரம்தான் கணினி, மீதி முக்கால்மணி நேரம் ஒரு பயிற்றுநர் சின்னக் குழுவாக வைத்துச் சொல்லிக்கொடுத்தார். இரண்டையும் பிரித்துப் பார்க்கவில்லை.

---

எம்.எட். கடைசி வருடம்

ஒத்துக்கொள்கிறேன். அதைச் சேர்த்துச் சொல்லியிருக்க வேண்டும்.

---

ரெண்டு பிள்ளை அப்பா

நான் ஆசிரியர் இல்லை, தப்பாக நினைக்காதீர்கள். எங்கள் வீட்டுக் கதை வேறு. கொரோனாவில் பாடத்துக்கு என்று போன் கையில் போனது, திரும்பி வரவே இல்லை. "படிக்கிறேன்பா" என்று உட்காருவான். கதவைத் திறந்தால் கட்டைவிரல் சட்டென்று மேலே போகும், ரீல்ஸ் மறைந்து கியூஆர் பாடம் வந்துவிடும். பள்ளியிலும் திரை, டியூஷனிலும் திரை, வீட்டிலும் திரை. இதில் தானாகப் படிப்பது எங்கிருந்து வரும்? ஸ்வீடனே 2023-இல் அச்சுப் புத்தகத்துக்குத் திரும்பப் பணம் ஒதுக்கியது என்று படித்தேன்.

---

சிங்கை மாணவர் ஆசிரியர்

சிங்கப்பூரில் உயர்நிலைப் பள்ளியில் தமிழ் கற்பிக்கிறேன். இங்கே 2021 முடிவதற்குள் உயர்நிலைப் பிள்ளைகள் எல்லோர் கையிலும் ஆளுக்கொரு கருவி வந்துவிட்டது. ஒவ்வொன்றிலும் கட்டுப்பாட்டு மென்பொருள் உண்டு. வகுப்பு நேரத்தில் எந்தப் பக்கம் திறந்திருக்கிறது என்று நான் பார்க்கலாம், பூட்டலாம். ஆகவே அப்பா கேட்ட கேள்வியில் பாதிக்கு இங்கே பூட்டு போட்டாயிற்று. மீதிப் பாதி அப்படியே நிற்கிறது. ரீல்ஸ் இல்லாத திரையின் முன்னும் ஒரு பிள்ளை முழு நேரமும் சும்மா உட்கார முடியும். நான் தினமும் பார்க்கிறேன். எஸ்எல்எஸ் என்ற இணையக் கற்றல் தளத்தில் பாடத்தைப் போட்டுவிட்டால் பிள்ளை "அடுத்து, அடுத்து" என்று அழுத்தி முடித்துவிட்டு "முடிச்சிட்டேன் ஆசிரியர்" என்று நிமிரும். எதை அழுத்தினாய் என்று கேட்டால் தெரியாது.

---

மட்டுறுத்துநர்

தனிப்பட்ட பள்ளிகளின் பெயரைப் போட வேண்டாம். இலவச மடிக்கணினி அரசியலுக்கு ஏற்கெனவே தனி இழை இருக்கிறது, அங்கே போய்ச் சண்டை போடலாம்.

---

அரும்பு டீச்சர்

தொடக்கப் பள்ளியை யாரும் பேசவில்லையே. எண்ணும் எழுத்தும் திட்டம் 2022-இல் வந்ததிலிருந்து எங்கள் வகுப்பில் அரும்பு, மொட்டு, மலர் என்று மூன்று நிலை. அதன் பிறகு 22,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகளுக்கு ஸ்மார்ட் வகுப்பறை, சுமார் 80,000 ஆசிரியர்களுக்குக் கைக்கணினி என்று அறிவித்தார்கள். கைக்கணினியில் என் நேரம் எதில் போகிறது என்றால், பதிவேற்றத்தில். அதை விடுங்கள், எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

நான் செய்கிற ஒரே ஒரு சின்ன விஷயம்: வீடியோவை நடுவில் நிறுத்துவது. விதை முளைக்கிற பாடம் வருகிறது என்று வையுங்கள். மண்ணுக்குள் விதை கிடக்கிறது, தண்ணீர் ஊற்றுகிறார்கள், அங்கே நிறுத்திவிடுவேன். "முதல்ல எது வெளிய வரும்? வேரா, இலையா?" ஒவ்வொரு பிள்ளையும் சிலேட்டில் படம் வரைய வேண்டும். பேச்சே கிடையாது. மூன்றாம் வகுப்பில் பாதிப் பேர் இலையைத்தான் வரைவார்கள், வெளியே தெரிவது அதுதானே. அதற்குப் பிறகும் வீடியோவை ஓட்ட மாட்டேன். ஈரத்துணியில் பச்சைப்பயறு கட்டி ஜன்னலில் வைத்துவிடுவோம். மறுநாளும் அதற்கடுத்த நாளும் பிள்ளைகள் பிரேயருக்கு முன்பே வந்து துணியைப் பிரித்துப் பார்ப்பார்கள். வெள்ளையாக முதலில் நீட்டுவது வேர். அதற்கப்புறம்தான் மீதி வீடியோ.

இதில் பாதி வேலை ஈரத்துணிதான், தெரியும். ஆனால் வீடியோவில் வேர் இறங்குவதை வேகமாக்கிக் காட்டுகிறார்களே, அதைத் துணியில் பார்க்க முடியாது. தாமாகப் பார்த்துவிட்டு வந்தவர்கள் அதைப் பார்க்கிற விதமே வேறு. "மிஸ், நம்ம பயறு மாதிரியே வளையுது!"

கியூஆர் கோடு பாடத்தின் முதல் பக்கத்தில் இருப்பதால் முதலிலேயே ஸ்கேன் செய்ய வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

---

சோளகம்

வணக்கம், இலங்கையின் வடமராட்சியிலிருந்து. தரம் 8, 9 தமிழ்ப் பாடம். எங்கள் பாடசாலையில் ஸ்மார்ட் போட் ஒன்று இருக்கிறது, மண்டபத்தில். வகுப்புக்கு வராது. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ இணையத் தளத்தில் தமிழ் மொழிப் பாடங்கள் உண்டு. பிள்ளைகள் போவது பெரும்பாலும் கடந்தகால வினாத்தாளுக்கு மட்டும்.

நான் பயன்படுத்தியது கைத்தொலைபேசியில் உள்ள ஒலிப்பதிவை. வேறு ஒன்றும் இல்லை. வீட்டில் ஒரு போன் இருந்தால் போதும், இணையம் தேவையில்லை. கரையோரக் கிராமங்கள் என்பதால் வேலை இப்படி: கடலுக்குப் போய்வந்த ஒரு பெரியவரிடம் காற்றுகளின் பெயரைக் கேட்டுப் பதிந்து வாருங்கள். எந்தக் காற்று எந்தத் திசையால், எந்த மாதத்தில், அது வீசினால் எந்த மீன், எந்த வலை.

பதிவுகள் வந்தன. வாடை, சோளகம், கொண்டல் எல்லாம் வந்தன. பிரச்சினை அதற்குப் பிறகுதான் தொடங்கியது. ஒரு பிள்ளையின் அம்மப்பா சோளகம் சித்திரை முடிந்ததும் தொடங்கும் என்கிறார். இன்னொரு பிள்ளையின் அப்பப்பா வைகாசி நடுவில்தான் என்கிறார். இரண்டு பதிவையும் வகுப்பில் போட்டோம். இரு பிள்ளைகளும் சண்டைக்குப் போய்விட்டார்கள், "என்ர அப்பப்பா பொய் சொல்ல மாட்டார்" என்று. எது சரி என்று என்னைக் கேட்டார்கள். எனக்குத் தெரியாது, நான் யாழ்ப்பாண நகரத்துக்காரி. அடுத்த சனி, ஞாயிறு அந்த இரண்டு பிள்ளைகளும் இன்னும் நாலு பேரைச் சேர்த்துக்கொண்டு தாங்களாகவே மற்றப் பெரியவர்களிடம் போனார்கள். நான் சொல்லி அனுப்பவில்லை. வந்தபோது ஒருவர் சொன்ன விளக்கத்தைக் கொண்டுவந்தார்கள்: காற்று தொடங்குவது வேறு, கடலுக்குப் போக முடியாத அளவுக்குப் பெலப்பது வேறு. இரண்டு பேரும் வெவ்வேறு நாளைச் சொல்லியிருக்கிறார்கள்.

அதன் பிறகு அவர்கள் எழுதிய கட்டுரை, பாடப்புத்தகக் கட்டுரை போல இருக்கவில்லை. மேற்கோள்கூட இருந்தது, யார் சொன்னார் என்று.

---

ஓய்வுபெற்ற வாத்தியார்

சோளகம் ரீச்சர், இதற்குத்தான் இத்தனை நேரம் காத்திருந்தேன். போனை ரெக்கார்டராக வைத்தீர்கள். பிள்ளை பார்க்கிற கருவியாக இல்லாமல் பிள்ளை வேலை செய்கிற கருவியாக.

---

யாப்புப் பைத்தியம்

ஏஐ பற்றி யாரும் வாய் திறக்கவில்லையே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். எங்கள் பத்தாம் வகுப்பில் வீட்டுப்பாடம் எல்லாம் இப்போது ஒரே மாதிரி அழகாக வருகிறது. ஒரு பையன் ஏஐ செயலியிடம் "நட்பு பற்றிய குறள்" என்று கேட்டு எழுதிவந்த தாளில் நான் பார்த்தே இராத ஒரு குறள் இருந்தது. படிக்க நன்றாகத்தான் இருந்தது. வள்ளுவர்தான் எழுதவில்லை.

திட்டுவதற்குப் பதிலாக அதைக் கரும்பலகையில் எழுதிப்போட்டேன். "இது குறளா, இல்லையா? புத்தகத்தைத் தொடாமல் சொல்லுங்கள்." அலகிடுதல் அப்போதுதான் முடிந்திருந்தது. முதலில் எண்ணினார்கள். முதலடியில் நாலு சீர், சரி. இரண்டாமடியிலும் நாலு. குறள் வெண்பாவுக்கு இரண்டாமடியில் மூன்றுதான் இருக்க வேண்டும். "சார், ஒண்ணு அதிகம்!" ஒருத்தி அதோடு விடவில்லை. கடைசிச் சீரை அசை பிரித்தாள். வெண்பா முடிய வேண்டிய நாள், மலர், காசு, பிறப்பு எதிலும் அது முடியவில்லை. அதற்கப்புறம் தளை, அதாவது சீருக்கும் சீருக்கும் உள்ள இணைப்பு, பார்க்கப்போனார்கள். தளை பார்க்கச் சொன்னால் தூங்குகிற வகுப்பு சார் இது.

மறுநாள் ஆளாளுக்கு ஒரு போலிக் குறளோடு வந்தார்கள். வீட்டில் செயலியிடம் வேண்டுமென்றே கேட்டு வாங்கி, பிழை கண்டுபிடித்து. சிலதில் சீர் எண்ணிக்கை சரியாக இருந்தது, தளை தட்டியது. ஒன்றில் எல்லாமே சரியாக இருந்தது! அதற்கு மட்டும் அதிகாரத்தைப் புரட்டிப் பார்க்க வேண்டியிருந்தது. பத்துக் குறளிலும் இல்லை. இலக்கணம் சரியாக இருந்தாலும் ஆள் வேறாக இருக்கலாம் என்று அவர்களே சொன்னார்கள்.

---

ரெண்டு பிள்ளை அப்பா

இதை என் பையனிடம் படித்துக் காட்டினேன். "அது எங்க கிளாஸ்ல நடக்காதுப்பா" என்றான். ஆனால் பத்து நிமிடம் கழித்து ஏதோ குறளை வைத்துக்கொண்டு விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தான். என்ன குறள் என்று நான் கேட்கவில்லை.

---

கோணமானி

இழை தொடங்கியவர் கணக்கு ஆசிரியர், கணக்குக்கு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஜியோஜீப்ரா என்ற இலவச வடிவியல் மென்பொருளைப் பாருங்கள். ஒன்பதாம் வகுப்புச் செய்முறை வடிவியலில் செங்கோட்டு மையம், சுற்றுவட்ட மையம், நடுக்கோட்டு மையம், உள்வட்ட மையம் நாலும் வருகிறது. நோட்டில் ஒரு முக்கோணத்துக்கு ஒன்று வரையவே அரை பீரியட் ஆகும். அதிலும் கோடு தடித்தால் மையம் தவறிப்போகும். ஜியோஜீப்ராவில் ஒரு தடவை வரைந்துவிட்டு முனையைப் பிடித்து இழுத்தால் மையமும் கூடவே நகரும். நீங்கள் வரைந்து காட்டாதீர்கள். "செங்கோட்டு மையம் எப்போது முக்கோணத்தை விட்டு வெளியே போகும்?" இந்த ஒரு கேள்வியை மட்டும் கொடுத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நில்லுங்கள். கையைக் கட்டுவதுதான் கஷ்டம்.

---

கரிசல் கணக்கு

எல்லோருக்கும் நன்றி. கோணமானி சொன்னதைச் செய்து பார்த்துவிட்டு வந்து எழுதலாம் என்றுதான் இத்தனை நாள் பதில் போடவில்லை.

லேபில் சில கணினிகள் ஆன் ஆகவில்லை. சில இணையத் தேர்வுக்கு ஒதுக்கியிருந்தது. மிச்சம் இருந்ததில் மூன்று பேருக்கு ஒன்று. முதல் பத்து நிமிடம் முக்கோணத்தைப் பிடித்து இழுத்து விளையாடினார்கள். ஓம் விதியின் தீ ஞாபகம் வந்தது, அதட்டாமல் இருந்தேன்.

விரிகோணம் ஆனதும் செங்கோட்டு மையம் வெளியே போகிறது என்பதைச் சீக்கிரமே பிடித்துவிட்டார்கள். செங்கோணத்தில் அது சரியாக முனையிலேயே போய் உட்காருகிறது என்று ஒருவன் கத்தினான். "அப்போ சுற்றுவட்ட மையம் எங்க போகுது?" என்று பக்கத்தில் இருந்தவன் கேட்டான். கர்ணத்தின் நடுவில். அது பாடத்தில் உள்ளதுதான், ஆனால் படித்துச் சொல்லவில்லை, பார்த்துச் சொன்னார்கள். அப்புறம் ஒரு குழு நாலு மையத்தையும் ஒரே முக்கோணத்தில் போட்டது. நான் சொல்லவில்லை. திரை முழுக்கக் கோடு. ஒரு பெண் கோட்டையெல்லாம் மறைத்துவிட்டுப் புள்ளிகளை மட்டும் வைத்தாள். "சார், மூணு புள்ளி நேர்கோட்டுல இருக்கு. எப்படி இழுத்தாலும் அப்படியே நிக்குது. உள்வட்ட மையம் மட்டும் சேர மாட்டேங்குது."

பதினெட்டாம் நூற்றாண்டில் கணிதவியலாளர் ஆய்லர் கண்டது இது. பெயரை நான் அப்போது சொல்லவில்லை. "அதையும் சேர வைக்க முடியுமா பார்" என்று மட்டும் சொன்னேன். பெல் அடித்தபிறகும் அந்தக் குழு எழுந்திருக்கவில்லை. இருசமபக்க முக்கோணத்தில் அதுவும் வந்து கோட்டில் சேர்ந்துகொள்கிறது. மறுநாள் காலை சைக்கிள் ஸ்டாண்டில் வைத்து அவள் சொன்னாள். கணினியில் இல்லை, ராத்திரி நோட்டில் வரைந்து பார்த்திருக்கிறாள்.

இதைச் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். ஒவ்வொரு குழுவிலும் ஒருவர் மவுஸை விடவே இல்லை. மூன்றாவது ஆள் பின்னால் நின்று வேடிக்கை பார்த்தார். அவர்களில் பலர் எழுத்துக் கூட்டிப் படிக்கவே சிரமப்படுகிறவர்கள். ஸ்மார்ட் போர்டு வகுப்பில் நாற்பது பேர் வேடிக்கை பார்த்தார்கள், இங்கே பத்துப் பன்னிரண்டு பேர். குறைந்திருக்கிறது, ஆனால் அதே பிள்ளைகள்தான். இதற்கு என்ன செய்கிறீர்கள்?

---

ஓம் விதி

மவுஸ் ஒருவர் கையில், நோட்டு இன்னொருவர் கையில். நோட்டுக்காரர் சொல்வதைத்தான் மவுஸ்காரர் செய்ய வேண்டும், தானாக எதையும் தொடக்கூடாது. பாதி பீரியடில் மாற்றம். மூன்று பேர் என்றால் மூன்றாமவர் "அடுத்து என்ன ஆகும்" என்று ஒவ்வொரு தடவையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும், தப்பாக இருந்தாலும் பரவாயில்லை. எழுதத் தெரியாத பையன்தான் என் வகுப்பில் அதை நன்றாகச் சொல்கிறான். முழுத் தீர்வு இல்லை. மவுஸைப் பிடுங்கிக்கொள்கிறவன் பிடுங்கிக்கொண்டுதான் இருக்கிறான், அவனைக் கண்ணில் வைத்திருக்க வேண்டும்.

---

அரும்பு டீச்சர்

அந்தப் பத்துப் பன்னிரண்டு பேருக்குப் பிளிக்கர்ஸ் அட்டை முயன்று பாருங்கள். நாற்பது அட்டை ஒரு தொகுப்பு, சாதாரணத் தாளில் அச்சடிக்கலாம். ஒவ்வொரு பிள்ளையும் தன் அட்டையை எந்தப் பக்கம் மேலே வருகிறபடி பிடிக்கிறது என்பதுதான் விடை. உங்கள் போன் கேமராவால் வகுப்பை ஒரு தடவை சுற்றிக் காட்டினால் யார் எதைச் சொன்னார்கள் என்று வந்துவிடும். பக்கத்துப் பிள்ளைக்கு அட்டையைப் பார்த்து விடை தெரியாது. அதனால் "புரிஞ்சுது சார்" கூட்டத்தில் ஒளிய முடியாது, கேலிக்கும் பயமில்லை. வாய் திறக்காத பிள்ளைக்கு எங்கே தடுக்குகிறது என்று அதில்தான் எனக்குத் தெரிந்தது.

---

கரிசல் கணக்கு

அட்டையை நாளைக்கே அச்சடிக்கிறேன். கடைசியாக ஒன்று. எங்கள் லேபில் இணையம் வரும், போகும். ஃபெட், ஜியோஜீப்ரா இரண்டும் இணையமில்லாமல் ஓடுமா?

---

ஓம் விதி

ஓடும். ஃபெட்டில் ஒவ்வொரு பாவனைப் பக்கத்திலும் பதிவிறக்கம் இருக்கிறது, ஒரே எச்டிஎம்எல் கோப்பாக இறங்கும். பென்டிரைவில் போட்டு எந்தக் கணினியிலும் பிரவுசரில் திறக்கலாம். தமிழ் வேண்டுமென்றால் அதே பக்கத்தில் மொழிபெயர்ப்புப் பட்டியலில் போய்த் தமிழ்க் கோப்பையே இறக்குங்கள், ஆங்கிலத்தை இறக்கிவிட்டுத் தேடாதீர்கள்.

---

கோணமானி

ஜியோஜீப்ரா கிளாசிக் 5 பதிப்பை நிறுவிக்கொள்ளுங்கள், பழைய கணினியிலும் ஓடும். முக்கோணத்தைப் பிள்ளைகளே வரையட்டும், நீங்கள் தயார்செய்த கோப்பைக் கொடுக்காதீர்கள். உள்வட்ட மையக் கேள்விக்கு அடுத்த கேள்வி வேண்டுமென்றால்: ஏதாவது ஒரு நாற்கரம், நாலு பக்கத்தின் நடுப்புள்ளிகளையும் இணைக்கச் சொல்லுங்கள். என்ன வருகிறது என்று அவர்களே எழுதட்டும். நாற்கரத்தை உள்பக்கமாக மடக்கி இழுக்கவும் சொல்லுங்கள்.